சிவப்பு ஸ்டிக்கர்

சீட் ஆடக்கூடாது. தெப்ராவ்ங்கிற ஊர்ல நான் வேலை செய்யிற பட்டறையில முதல் நாளே சொல்லிக் குடுத்த பாடம் இது. பஸ்ஸுக்கு உடம்பு கட்டுற எடம் அது. வெறும் சட்டமா உள்ள வர்ற வண்டி, கதவு, கண்ணாடி, சீட் எல்லாம் மாட்டிக்கிட்டு பஸ்ஸா வெளிய போகும். நான் செக்கிங். ஒவ்வொரு சீட்டையும் ரெண்டு கையால புடிச்சு உலுக்கிப் பார்க்கிறது என் வேலை. ஆடலைன்னா பச்சை ஸ்டிக்கர் ஒட்டி கையெழுத்துப் போடுவேன். ஆடுச்சுன்னா சிவப்பு. சிவப்பு ஒட்டுன வண்டி கேட்டைத் தாண்டாது. நாங்க போஸ்னு கூப்பிடுற மேனேஜரே வந்து நின்னு கத்தினாலும் தாண்டாது. எனக்கு அதுல கொஞ்சம் திமிரு உண்டு, இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்.

அந்த எடத்துக்குத்தான் பன்னெண்டு கவச வண்டி வந்துச்சு. சண்டை ஓயாத ஒரு நாட்டுக்கு, அமைதி காக்கப் போறாங்கன்னு நம்ம பட்டாளத்துக்காரங்களை அனுப்புறாங்க இல்ல, அவங்க ஏறிப் போற வண்டி. ஆறு சக்கரம், பழசு. இன்ஜினை வேற எங்கயோ சரி பண்ணிட்டாங்க. உள்ள இருக்கிற பழைய சீட்டைக் கழட்டிட்டு, புதுசா வந்திருக்கிற சீட்டை மாட்டணும். எங்க வேலை அவ்வளவுதான். ரகசியம்னு சொல்லி எங்க கையில ஒரே ஒரு தாளைக் குடுத்தாங்க. சீட் கூரையிலேருந்து நாலு பட்டையில தொங்கணும், தரைக்கும் சீட்டுக்கும் நடுவுல இத்தனை எடவெளி இருக்கணும்னு படம் போட்டிருந்துச்சு. ஏன் தொங்கணும்னு ஒரு வார்த்தை இல்ல.

முதல் வண்டியில ஏறி உலுக்கிப் பார்த்தேன். ஊஞ்சல் கணக்கா ஆடுச்சு. ஒரு வண்டிக்குப் பத்து சீட், பத்துமே ஆட்டம். பத்துக்கும் சிவப்பு ஒட்டிட்டேன்.

சீட் மாட்டுனவரு எங்க சீனியர் பிட்டரு. பண்டார் தெங்காரா பக்கத்துத் தோட்டத்துல வளர்ந்தவரு, நானும் அந்தப் பக்கம்தான், அதனால அண்ணன் மொறை. "படத்துல இப்படித்தான்மா இருக்கு"ன்னு தலையைச் சொறிஞ்சாரு.

"ஆடுதேண்ணே. நாளைக்கு வந்து பார்க்கிறவங்க நம்ம கைவேலையைப் பார்த்து சிரிக்க மாட்டாங்களா?"

அந்தச் சொல்லு அவரைச் சுருக்குன்னு குத்திடுச்சு. தரையில பழைய சீட் இருந்த போல்ட் ஓட்டையெல்லாம் அப்படியே இருந்துச்சு. ரெண்டே நாள்ல சின்னச் சின்னதா இரும்புக் கால் வெட்டி, சீட்டுக்கு ரெண்டுன்னு தரையோட சேர்த்து முடுக்கிட்டாரு. உலுக்கினேன், பாறை மாதிரி நின்னுச்சு. மத்த வண்டிக்கும் அதே மாதிரிதான், எல்லாத்துக்கும் பச்சை ஒட்டினேன். சும்மா இருந்தேனா? "சீட் ஆடக்கூடாது"ன்னு இந்தக் கவச வண்டிக்கான செக்கிங் தாள்லயும் புதுசா ஒரு வரி சேர்த்தேன். வண்டியைப் பார்க்க வந்த பெரிய அதிகாரி சீட்ல உக்காந்து, இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்துட்டு, "பாகுஸ்!", பிரமாதம்னு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாரு. எங்க மேனேஜருக்கு வாயெல்லாம் பல்லு. எனக்கும்தான்.

என் தம்பி பட்டாளத்துல இருக்கான். அந்த நாட்டுக்குப் போற குழுவுல அவன் பேரும் இருந்துச்சு. போறதுக்கு அஞ்சு வாரம் இருக்கும்போது லீவுல வீட்டுக்கு வந்தான். ஞாயித்துக்கிழமை மத்தியானம், கோழிக்கறி. எங்கம்மா பரிமாறிக்கிட்டே, "அங்க வெடியெல்லாம் வைப்பாங்களாமேடா"ன்னு கேட்டுட்டாங்க. அவன் சிரிச்சுக்கிட்டே ஒரு டம்ளர் தண்ணியை மேசை மேல வச்சான். இன்னொரு டம்ளரைக் கையில தூக்கிப் புடிச்சுக்கிட்டான். மேசைக்கு அடியில கையை விட்டு ஓங்கி ஒரு குத்து விட்டான் பாருங்க. மேசை மேல இருந்த டம்ளர் துள்ளி விழுந்து தண்ணி பூரா என் தட்டுல. அவன் கையில இருந்ததுல ஒரு சொட்டுகூட சிந்தல.

"கண்ணிவெடி உள்ளாற வரணும்னு அவசியமே இல்லம்மா. வண்டித் தரை மேல எகிறும். தரையில ஒட்டியிருக்கிற சீட்னா அந்த அடி நேரா காலுக்கும் முதுகெலும்புக்கும் போயிடும். அதுக்குத்தான் இப்பல்லாம் சீட்டைக் கூரையில தொங்க விட்டுடறாங்க. காலைக்கூட தரையில வைக்கக்கூடாது, அதுக்குத் தனியா ஒரு பட்டை இருக்கு. எங்களுக்கு வர்ற வண்டியில அந்த சீட்தான் போட்டிருக்காங்களாம். நீங்க பயப்படாதீங்க."

"சோத்துக்கு முன்னால உக்காந்து என்ன பேச்சுடா இது"ன்னு அம்மா அவன் தலையில ஒரு தட்டு தட்டினாங்க.

நான் நனைஞ்ச தட்டை ஓரமா தள்ளினேன். சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிறதுன்னு சொல்வாங்களே, நான் சொந்தக் கையால தம்பிக்கே வச்சிருக்கேன். அன்னிக்கு அவன்கிட்ட ஒன்னும் சொல்லல. தட்டைக் கழுவப் போனவ, குழாயைத் திறந்து விட்டுட்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்னேன்.

திங்கக்கிழமை காலையில மேனேஜர் ரூமுக்குப் போனேன். தம்பி செஞ்ச மாதிரியே அவரு காப்பி கப்பை வச்சு செஞ்சு காட்டினேன். ஐயோ அலமாக்னு ஆயிடுச்சு, அவரு பைல் நனைஞ்சதுதான் மிச்சம்.

"சிவப்பு ஒட்டுனது நீதானே?"

"நான்தான் போஸ். தெரியாம ஒட்டிட்டேன்."

"அப்புறம் பச்சை ஒட்டுனது?"

"அதுவும் நான்தான்."

"பெறகு என்ன லா? வாங்குறவங்களே வந்து பார்த்து பாகுஸ்னு சொல்லிட்டாங்க."

மாத்தணும்னா அதுக்குன்னு ஒரு விண்ணப்பத் தாள், பாரம் இருக்கு, அதுல ஆறு கையெழுத்து வேணும்னாரு. சரின்னு பாரத்தைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சேன். ஒருத்தர் லீவு. ஒருத்தர் வேற ஊருக்கு மாறிப் போயிட்டாராம், அவரு எடத்துக்கு இன்னும் ஆள் போடல. ஒருத்தர், "நீ இன்ஜினியரா?"ன்னு கேட்டாரு. இல்ல சார், எஸ்.பி.எம்., பள்ளிக்கூடப் படிப்பு மட்டும் முடிச்சவதான், ஆனா மேசையில குத்துனா டம்ளர் துள்ளும்னு தெரிஞ்சுக்க இன்ஜினியரிங் எதுக்கு? கேக்கணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். நாலாவது ஆள் போட்டாரு, ஆனா மொதல்ல மத்தவங்க போடணும், அதுக்கப்புறம்தான் தன்னுது செல்லும்னு பக்கத்துலேயே எழுதி வச்சிட்டாரு. அட போங்கடா! நான் என்ன, எனக்கு லீவா கேட்டேன்? வண்டிக்கு இருபது போல்ட்டைக் கழட்டுங்கடான்னு கேட்டேன்.

பிட்டர் அண்ணன்கிட்ட சொன்னப்போ மொதல்ல அவருக்குக் கோவம். "நீ ஆடுதுன்ன, நிறுத்தினேன். இப்ப நிக்குதுங்கிற, ஆட விடச் சொல்றியா?" வெளக்கிச் சொன்னேன். மனுஷன் அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டாரு. அன்னிக்குச் சாயங்காலம் டீ டைம்ல, கடைசியா பட்டறையில நின்ன ரெண்டு வண்டியில மட்டும் அவரே யாரையும் கேக்காம போல்ட்டைக் கழட்டிட்டாரு. நான் பாரத்தோட அலைஞ்சு முடிக்கிறதுக்குள்ள மத்த பத்தும் வெளிய யார்டுக்குப் போயிடுச்சு, அங்க காவல், யாரும் உள்ள போக முடியாது.

மறுநாள் நான் போறதுக்குள்ள அந்த ரெண்டு வண்டியிலயும் இருபது சிவப்பு ஸ்டிக்கர். இன்னொரு ஷிப்ட்ல செக்கிங் பார்க்கிற பொண்ணு ஒட்டியிருக்கு. அதைக் குத்தம் சொல்ல முடியுமா? தாள்ல இருக்கிற வரியைப் பார்த்து ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு. அந்த வரி நான் எழுதினது! மத்தியானத்துக்குள்ள போல்ட்டெல்லாம் திரும்ப ஏறிடுச்சு.

வண்டி கப்பலுக்குக் கெளம்புற அன்னிக்கு மேனேஜரே மார்க்கெட்டுக்குப் போய் எழுபத்திரெண்டு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வந்தாரு, சக்கரத்துக்கு ஒன்னு. எங்க பட்டறையில புது பஸ்ஸை எலுமிச்சம்பழம் நசுக்காம யாரும் வெளிய எடுக்க மாட்டாங்க, சீனவரோ மலாய்க்காரரோ எல்லாரும் கைகட்டி நிப்பாங்க. பிட்டர் அண்ணன் சூடம் காட்டினாரு. எழுபத்திரெண்டு பழம் வாங்க ஒரு கையெழுத்தும் வேணாம், போல்ட் கழட்ட மட்டும் ஆறு கையெழுத்து வேணுமாம். பழம் ஒவ்வொன்னா நசுங்குறதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

தம்பி கெளம்புற நாளும் வந்துச்சு. அப்பதான் அவன்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். பதினேழாம் நம்பர் ஸ்பானர் ஒன்னை ஊறுகா பாட்டிலோட சேர்த்து பையில வச்சேன். அங்க வண்டியோட டூல் பாக்ஸ் பூட்டுக்குள்ள இருக்கும், எதுக்குன்னு எழுதிக் குடுத்துதான் எடுக்கணும்னு அவன் ஏற்கெனவே சொல்லியிருந்தான். மறுபடியும் பாரமா, வேணாம் சாமி.

"மத்தவங்க அக்கா எல்லாம் முறுக்கு சுட்டுக் குடுப்பாங்க"ன்னு கிண்டல் பண்ணான். பக்கத்துல நின்ன அவன் கூட்டாளி, சிரம்பான் பக்கத்துப் பையன், "அக்கா, எனக்கு ஊறுகா மட்டும் போதும்கா"ன்னு சிரிச்சான்.

போய்ச் சேர்ந்த மூணாம் நாள் போன் பண்ணினான். "அக்கா, எங்க வண்டியில இருபதும் கழட்டியாச்சு. எங்க மேலதிகாரி சார்ஜன் திட்டினாரு, மெஸ் மேசையில டம்ளர் வச்சு ஒரு குத்து காட்டினேன், அவரே புடிச்சு கழட்ட ஆரம்பிச்சுட்டாரு." ஸ்பானர் ஒவ்வொரு வண்டியா கை மாறிக்கிட்டு இருக்குன்னான். எங்கேயோ ஒரு வேலியோரத்துல, வெயில்ல, நான் முடுக்க வச்ச போல்ட்டைப் பட்டாளத்துக்காரன் ஒவ்வொன்னா கழட்டிக்கிட்டு இருக்கான். சந்தோசமா இருந்துச்சு, வெக்கமாவும் இருந்துச்சு.

அடுத்த போன் வந்தப்போ நான் கேன்டீன்ல ரொட்டி சானாய் பிச்சுக்கிட்டு இருந்தேன். அவன் குரலே சரியில்ல. "எனக்கு ஒன்னும் இல்லக்கா"ன்னுதான் ஆரம்பிச்சான். அவங்களுக்கு முன்னால போன வண்டி கண்ணி மேல ஏறியிருக்கு. உயிருக்கு யாருக்கும் ஆபத்து இல்ல. ஆனா வெடிச்ச எடத்துக்கு நேர் மேல உக்காந்திருந்த அந்த சிரம்பான் பையனுக்கு ரெண்டு குதிகாலும் நொறுங்கிப் போச்சாம், இடுப்பெலும்பும் விரிசல் விட்டிருக்காம். இனிமே நடக்கிறது கஷ்டம்னு டாக்டருங்க சொல்லிட்டாங்களாம்.

"அவங்க வண்டியில கழட்டலையாடா?"

"அவங்க வண்டிக்கு மறுநாள்தான்கா ஸ்பானர் போறதா இருந்துச்சு."

ரெண்டு வாரம் கழிச்சு பட்டாளத்துலேருந்து பட்டறைக்கு ஒரு தாள் வந்துச்சு. மேனேஜர் எல்லாரையும் நிக்க வச்சு படிச்சுக் காட்டினாரு. வெடிச்ச வண்டியில ஒரு சீட்கூட எடத்தை விட்டு நகரலையாம், பொருத்தின வேலை உறுதியா இருந்துச்சாம். கை தட்டினாங்க. பிட்டர் அண்ணன் கூட்டத்தை விட்டு வெளிய போயிட்டாரு.

மேனேஜர் கூடவே இன்னொரு சேதியும் சொன்னாரு. இன்னும் எட்டு வண்டி வருது, அதே வேலை. என் பாரம் அப்பவும் அந்த "நீ இன்ஜினியரா" ஆளோட மேசையிலதான் தூங்கிக்கிட்டு இருந்துச்சு.

தாள்ல இருக்கிற வரிப்படி சீட்டைத் தரையில முடுக்கி, எட்டுல முதல் வண்டி தயாரானதும் நான் ஏறினேன். பத்து சீட்டையும் உலுக்கினேன், ஒன்னும் ஆடல. பாக்கெட்லேருந்து சிவப்பு ஸ்டிக்கர் சுருளை எடுத்து ஒன்னு ஒன்னா ஒட்டினேன். "தரையைத் தொடுது"ன்னு எழுதி, கீழ என் கையெழுத்து. வண்டி நின்னுடுச்சு. மேனேஜர் கத்தினாரு, மேலிடத்துலேருந்து போன் வந்துச்சு, என் பேர்ல ஒரு எச்சரிக்கை கடிதமும் வந்துச்சு. சிவப்பு சிவப்புதான். நாலாம் நாள், ஏன் சிவப்புன்னு கேட்டு சீட் செஞ்ச கம்பெனிக்காரனையே வரவழைச்சாங்க. அவன் உள்ள எட்டிப் பார்த்துட்டு, எந்த முட்டாள் இதைத் தரையில முடுக்கினதுன்னு கேட்டான். அன்னிக்கே எல்லா போல்ட்டும் கழண்டுச்சு.

நாலே நாள். முன்னாடி அந்தப் பன்னெண்டு வண்டியும் எங்க பட்டறையில நின்னப்பவே என் பாக்கெட்ல இதே சுருள் இருந்துச்சு. ஆனா அந்த சீட்ல எல்லாம் பச்சை இருந்துச்சு, பச்சையில என் கையெழுத்து இருந்துச்சு. அது மேல சிவப்பு ஒட்டினா, பதினாறு வருஷமா செக்கிங் பார்க்கிறவ தப்பு பண்ணிட்டான்னு பட்டறை பூரா பேசும். அந்த ஒரு வெக்கத்துக்காக அடுத்தவங்ககிட்ட ஆறு கையெழுத்து கேட்டுக்கிட்டு அலைஞ்சேன். யார் யாரையோ திட்டினேன். தேவைப்பட்டது ஒரே கையெழுத்து, அது என்னோடது.

தம்பி நல்லபடியா வந்துட்டான். போன மாசம் அவனும் நானும் சிரம்பான் போயி அந்தப் பையனைப் பார்த்துட்டு வந்தோம். சக்கர நாற்காலியில உக்காந்துக்கிட்டு, "ஊறுகா கொண்டாந்தீங்களாக்கா?"ன்னு கேட்டான். கொண்டு போயிருந்தேன். பாட்டில் மூடி இறுக்கமா இருந்துச்சு, நான்தான் திறந்து குடுத்தேன். அந்த சீட்டை முடுக்கச் சொன்னது யாருன்னு அவனுக்கு இன்னும் தெரியாது.