ஸ்கேல் வரைந்த சுவர்

அவளுக்கு 'ஸ்கேல்' என்று பெயர் வைத்தது கல்லூரியில். கட்டடக்கலை படித்த ஐந்து வருடமும் ஸ்கேல் இல்லாமல் ஒரு கோடு அவள் போட்டதில்லை. மற்றவர்கள் கையால் இழுத்துவிட்டுப் போகிற இடத்தில் இவள் அளப்பாள், மறுபடி அளப்பாள், பிறகு அளந்த ஸ்கேலையே இன்னொரு ஸ்கேலை வைத்து அளந்து பார்ப்பாள். கிண்டலுக்குச் சொல்லவில்லை. கடையில் வாங்கிய ஸ்கேல் ஒன்று அரை மில்லிமீட்டர் குறைவு என்று கண்டுபிடித்துக் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டவள் அவள். அவர் பேசாமல் மாற்றிக் கொடுத்துவிட்டார். ஏன் இவ்வளவு சுலபமாக மாற்றிக் கொடுத்தார் என்று ஒரு வாரம் சந்தேகப்பட்டாள்.

சந்தேகம் அவள் கூடப் பிறந்தது. கூடப் பிறந்த இன்னொருத்தி அக்கா. பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள் தங்கை. இழுத்த இழுப்பில் தாழ்ப்பாள் கழன்றுவிட்டதோ என்று நாலாவது தடவையும் பார்ப்பாள். "உன்னைக் கட்டிக்கப் போறவன் தினம் கையெழுத்துப் போட்டுட்டுத்தான்டி வீட்டுக்குள்ள வரணும். அதுவும் முந்தின நாள் கையெழுத்தோட ஒத்துப்போகணும்" என்பாள் அக்கா.

இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். வாடகை வீடு. மாடியில் இருந்த ஒற்றை அறை ஸ்கேலுக்கு. கீழே, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் ஒன்பது பேரைக் காலையிலிருந்து மாலைவரை அக்கா பார்த்துக்கொண்டாள். எல்லாம் மூன்று வயது, நாலு வயது வாண்டுகள். முன்னறையில் பாய், தலையணை, பொம்மைகள். பின்னால் ஒரு முற்றம். அங்கே பிளாஸ்டிக் சறுக்கு ஒன்று, ஒரு மரம், இடது பக்கம் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பழைய சுற்றுச்சுவர். தினமும் பத்தரை மணிக்குப் பிள்ளைகளை முற்றத்தில் அவிழ்த்துவிடுவாள். அக்காவின் பிழைப்பு முழுக்க அந்த ஒன்பது பேர்தான்.

ஸ்கேல் வேலை பார்த்த அலுவலகத்தில் நாலு வருடமாக அவளுக்கு வரையக் கழிப்பறையும் மாடிப்படியும்தான் வாய்த்தன. எல்லாம் கணினியில். ஒருநாள் வீடு கட்ட வந்த ஒரு தம்பதியின் முன்னால் பெரிய சார் பென்சிலை நீட்டி, "அந்தப் படிக்கட்டை இவங்களுக்குச் சும்மா கையால வரைஞ்சு காட்டும்மா" என்றார். அவள் வரைந்தாள். வந்த அம்மாள் மரியாதைக்காரி; காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது படியா, மடிச்ச புடவையா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். ஸ்கேலுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஐந்து வருடம் படித்த கை தன் கைதானா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பென்சிலோடு பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தாள். ஸ்கேலை மாடியிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்தாள். பூட்டை இழுத்தும் பார்த்தாள்.

வரைவதற்கு அந்தச் சுவரைப் போல ஒன்று கிடைக்காது. மேலே வெள்ளை உரிந்து உள்ளே மஞ்சள், மஞ்சள் உரிந்த இடத்தில் இன்னும் பழைய நீலம், அடியில் பச்சைப் பாசி. முன்பு கேட் இருந்த இடத்தில் சுவர் சட்டென்று நின்றுபோகும்; அந்த ஓரத்தில் அதன் தடிமன் அடியிலிருந்து உச்சிவரை தெரியும். அதற்குப் பக்கத்தில் மரக்கிளை ஒன்று. கிளையில் பிள்ளைகள் ஒரு ஸ்பூனை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், கல்லால் அடித்தால் மணி மாதிரிச் சத்தம் வரும் என்று.

முதல் ஞாயிறு பென்சில். அப்புறம் நீர்வண்ணம். ஒரே இடம், ஒரே படி, ஒரே சுவர். வண்ணம் காய்கிற வேகம் நாளுக்கு நாள் மாறும் என்பதால் அன்றன்றைய வானிலையைக் காகிதத்தின் மூலையில் குறித்துவைப்பாள். வரைந்து முடித்ததும் அதே இடத்திலிருந்து போனில் ஒரு படம் எடுப்பாள். கையை நம்பாதவளுக்குக் கையைச் சரிபார்க்க ஒரு சாட்சி வேண்டுமில்லையா, அதற்கு.

சாட்சி முதல் வாரமே அவளுக்கு எதிராகச் சொன்னது. அவள் வரைந்ததில் சுவர் லேசாக முற்றத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. போட்டோவில் தூண் போல நின்றது. அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது, நாலாவது வாரங்களில் சாய்வு கூடியது. கவனமாக வரைய வரைய மோசமானது. அவள் என்னதான் நினைப்பாள்? கணினி கையைக் கெடுத்துவிட்டது என்று நினைத்தாள். மடியில் வைத்த பலகை சாய்ந்திருக்குமோ என்று பலகையை மாற்றினாள். கண்ணில் கோளாறோ என்று கண் டாக்டரிடம் போனாள். கண் பிரமாதமாக இருக்கிறது என்றார் அவர். அப்படிப் பிரமாதம் என்று சொன்னது சரியில்லை என்று பட்டு இன்னொரு டாக்டரிடம் போனாள். அவரும் அதையே சொன்னார். இரண்டு பேரும் ஒரே கல்லூரியில் படித்தவர்களாக இருக்கும் என்று முடிவு கட்டினாள்.

இதற்கிடையில் பக்கத்து மனையில் லாரி லாரியாக மண் கொண்டுவந்து கொட்டினார்கள். பள்ளமான மனையை மேடாக்குகிறார்களாம். மண் சுவரின் அந்தப் பக்கம் பாதி உயரத்துக்கு ஏறியது. மழை வேறு நாலு நாள் விடாமல் பெய்தது. ஸ்கேலுக்கு அதிலும் ஒரு சந்தேகம்தான்: லாரிப் புழுதி தன் வண்ணத்தில் கலந்துவிடுமோ என்று. உலகத்தில் எதை எதையோ சந்தேகப்பட்டவள், சந்தேகப்பட வேண்டியதை மட்டும் விட்டுவிட்டாள்.

பன்னிரண்டாவது ஞாயிறு பொறுமை போயிற்று. மாடிக்குப் போய் ஸ்கேலை எடுத்து வந்தாள். போட்டோவைப் பார்த்துச் சுவரின் ஓரத்தை ஒரே கோடாக, நெட்டுக்குத்தாக இழுத்தாள். வண்ணம் தீட்டி முடித்தபோது படம் அழகாகத்தான் இருந்தது. அக்கா அதைப் பறித்துக்கொண்டு போய்ச் சட்டம் போட்டு, பிள்ளைகளின் அறையில் மாட்டிவிட்டாள்.

அதே வாரம்தான் நர்ஸ் கேட்டாள். ஒன்பது பேரில் சின்னவளின் அம்மா. மாலையில் மகளைக் கூட்டிப்போக வந்தவள் பின்வாசலில் நின்று முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சுவர் கொஞ்சம் இந்தப் பக்கமா வந்த மாதிரி இல்லீங்க?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஒரு அம்மா வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்தால் நாளைக்கு ஒன்பது அம்மாக்களும் பேசுவார்கள். மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "கீழ வாடி. இவங்களுக்குச் சொல்லு. என் தங்கச்சி கட்டடம்தாங்க படிச்சிருக்கா. அவளைக் கேளுங்க."

ஸ்கேல் வந்தாள். போனை எடுத்து, முந்தின வாரம் எடுத்த படத்தைக் காட்டினாள். சுவரின் ஓரத்தோடு விரலால் ஒரு கோடு இழுத்தாள். கோடும் சுவரும் மயிரிழை பிசகாமல் ஒட்டி நின்றன.

"அப்ப என் கண்ணுக்குத்தான் அப்படித் தெரியுதா?" என்றாள் நர்ஸ்.

"எனக்கும் அப்படித்தாங்க தெரிஞ்சுது. ரெண்டு டாக்டர்கிட்டப் போய் வந்துட்டேன். கண்ணு ஏமாத்தும். கேமரா ஏமாத்தாது."

படித்தவள் சொல்கிறாள். நர்ஸ் தலையாட்டிவிட்டு மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். ஆனால் தெருமுனை திரும்பும்முன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

அது நடந்து இரண்டு வாரம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்கேல் தன் அறைத் தரையில், ஓவியம் ஒரு வரிசை, அதனதன் போட்டோ கீழே ஒரு வரிசை என்று பரப்பி வைத்திருந்தாள். ஸ்கேல் பிடித்து வரைந்ததைச் சேர்க்கவில்லை, அதற்கப்புறம் வரையவும் இல்லை; பாக்கிப் பதினொன்று. தன் கை எந்த வாரத்திலிருந்து கெட்டது என்று கண்டுபிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள். கை கெட்ட வாரம் பிடிபடவில்லை. பிடிபட்டது ஸ்பூன்.

போட்டோவில் ஸ்பூன் நேராகத் தொங்கவில்லை. காற்றில் பறப்பதுபோலச் சுவரைவிட்டு விலகி, முற்றத்தின் பக்கம் தள்ளி நின்றது. சரி, காற்று. அடுத்த படத்திலும் காற்று, அதே பக்கம். அதற்கடுத்ததிலும். பதினோரு ஞாயிறும் ஒரே பக்கமாகக் காற்று அடிக்குமா? முதல் படத்தில் கொஞ்சம், கடைசிப் படத்தில் நிறைய என்று கணக்காக அடிக்குமா? எட்டாவது ஓவியத்தின் மூலையைப் பார்த்தாள். அவளுடைய கையெழுத்துத்தான்: 'புழுக்கம். இலை அசையவில்லை.'

இலை அசையாத நாளில் ஸ்பூன் மட்டும் எப்படிப் பறக்கும்? ஓவியத்தைப் பார்த்தாள். அதில் நூல் நெட்டுக்குத்தாகத் தொங்கியது. சுவர்தான் சாய்ந்திருந்தது.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அலுவலகத்தில் பெரிய சாருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கட்டடங்களை அண்ணாந்து எடுத்த படங்களில் சுவர்கள் சாய்ந்து தெரியும். அவற்றை நேராக்காமல் யாருக்கும் காட்டக் கூடாது. "சாஞ்ச கட்டடத்தைப் பார்த்தா எவன்மா நம்மகிட்ட வீடு கட்டுவான்?" என்பார். படத்துக்குப் படம் கையால் நேராக்கி அலுத்துப்போய், எடுக்கிற எல்லாப் படமும் தானாகவே நேராகும்படி போனில் ஒரு வசதியை அவளே போட்டு வைத்திருந்தாள். போட்டு இரண்டு வருடம். அவள் எடுத்த ஒவ்வொரு சுவரையும் அவள் போன் அவள் சொன்னபடியே நிமிர்த்திக்கொண்டிருந்தது.

போன் நேராக்குவதற்கு முந்தின அசல் படத்தைத் திறந்தாள். சுவர் அவள் ஓவியத்தில் இருந்த மாதிரியே சாய்ந்து நின்றது. கை கெடவில்லை. நாலு வருடத்தில் முதல் தடவையாகக் கை உண்மையைச் சொல்லியிருக்கிறது, அவள்தான் நம்பவில்லை. ஆனால் அந்தச் சந்தோஷம் அவளுக்கு ஒரு நொடிகூட நிற்கவில்லை. நாளை திங்கள். பத்தரை மணி.

அக்கா கீழே பாய் மடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் மடித்ததைக் கீழே போட்டாள்.

"போன மாசம் நேரா இருந்த சுவர் இன்னைக்கு எப்படிடி சாயும்?"

"போன மாசமும் சாஞ்சுதான் இருந்துச்சுக்கா. நான் சொன்னதுதான் தப்பு."

"கேஸ் அடுப்பை மூணு தடவை பார்ப்ப, பூட்டை நாலு தடவை பார்ப்ப. இப்பச் சுவரா? அந்த அம்மாகிட்ட நீதானே படம் காட்டின? இப்ப நான் போய் ஒன்பது வீட்டுலயும் என்ன சொல்லட்டும், என் தங்கச்சிக்கு மறுபடியும் சந்தேகம் வந்துருச்சுன்னா? நாளைக்கு ஒரு பிள்ளை வராது எனக்கு."

அக்கா சொன்னதில் நியாயம் இருந்தது. வருடக்கணக்காக எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள் சொல்வதை யார் நம்புவார்கள்? ஸ்கேல் மரத்தடிக்குப் போய்க் கிளையிலிருந்து ஸ்பூனை அவிழ்த்து வந்தாள். பின்வாசல் படியில் அக்காவை உட்காரவைத்து, நூல் நுனியை அவள் கையில் கொடுத்து, கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னாள்.

"ஒரு கண்ணை மூடிக்கோ. நூலைச் சுவர் உச்சியோட ஒட்டிப் பிடி."

"ஆடுதுடி."

"ஆடி நிக்கட்டும்."

ஆடி நின்றது. உச்சியில் சுவரைத் தொட்ட நூல் கீழே வரவர அதைவிட்டு விலகியது. அடியில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வெளிச்சம். இரண்டு விரல் என்பது படியிலிருந்து பார்க்கும்போது; கிட்டப் போய் அளந்தால் இன்னும் எவ்வளவோ அதிகம். அக்கா மூடியிருந்த கண்ணைத் திறந்தாள், மறுபடி மூடிப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே வந்து பின்கதவைத் தாழிட்டாள். பொம்மை அலமாரியை இழுத்து வந்து கதவுக்குக் குறுக்கே போட்டாள். தாழ்ப்பாளை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

மறுநாள் ஸ்கேல் விடுப்பு எடுத்துக்கொண்டு, தன் அலுவலகத்தில் வேலை பார்க்கும் மேஸ்திரியைக் கூட்டி வந்தாள். பிள்ளைகள் முன்னறையில் அடைபட்டு, வெளியே விடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி கேட் இடைவெளியில் நின்று சுவரைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார். சுவர் நேராக நிற்கிறதா என்று நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்க்க அவர் கொண்டுவந்த தூக்குக்குண்டு பைக்குள்ளேயே இருந்தது.

"இதுக்குக் குண்டு எதுக்கும்மா? கண்ணாலயே தெரியுதே" என்றார்.

மேலேயிருந்து ஒவ்வொரு கல்லாக இறக்கிவிடலாம் என்று ஏணியைக் கொண்டுவந்து ஓரத்தில் சாத்தினார். சாத்தினதுதான் தாமதம், ஏணியை விட்டுவிட்டுப் பின்னால் பாய்ந்தார். வீடு அதிர்ந்தது. முன்னறையில் ஒன்பது பேரும் ஒரே சமயத்தில் வாயை மூடினார்கள். புழுதி அடங்கியபோது முற்றத்தில் முற்றம் இல்லை, செங்கல்லும் மண்ணும்தான். சறுக்கின் சிவப்பு ஒரு மூலையில் தட்டையாகத் தெரிந்தது. மணி பத்து நாற்பது.

அக்கா அடுக்களையில் போய் உட்கார்ந்து அழுதாள். ஸ்கேல் முன்னறைக்குப் போய்ப் பிள்ளைகளை ஒன்பது வரை எண்ணினாள், மறுபடி எண்ணினாள்.

மாலையில் பெற்றோர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பார்த்தார்கள், பதறினார்கள், நல்ல வேளை என்றார்கள். தங்கச்சி கண்டுபிடித்ததால் தப்பித்தது என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் அதையே சொன்னார்கள். அக்காவும் மறுக்கவில்லை. நர்ஸ் கடைசியாக வந்தாள். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பின்வாசலில் ரொம்ப நேரம் நின்றாள். பிறகு ஸ்கேலின் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு ஒரு போட்டோ காட்டினீங்களே. அது இருக்கா?"

இருந்தது. ஸ்கேல் எடுத்துக் கொடுத்தாள். தூண் போல நிற்கிற சுவரை நர்ஸ் பார்த்தாள். சுவர் இருந்த இடத்தைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள்.

"இதுல நேராத்தானே இருக்கு?"

அக்கா தங்கையின் முகத்தையே பார்த்தாள். எதையாவது சொல்லித் தப்பிக்கலாம். மழை, மண், ஒரே வாரத்தில் வந்த சாய்வு என்று என்னென்னவோ இருந்தன. நம்பவும் செய்வார்கள்.

"நான் நேராக்கினதுங்க" என்றாள் ஸ்கேல். "சுவர் எப்பவோ சாஞ்சிருச்சு. உங்க கண்ணு சரியாத்தான் பார்த்துச்சு. என் கண்ணும்தான். நான் போனை நம்பிட்டேன்."

நர்ஸ் திட்டவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மூன்று நாள் வரவில்லை. அக்கா மூன்று நாளும் தங்கையோடு பேசவில்லை.

நாலாவது நாள் காலை நர்ஸ் வந்தாள். மகளின் செருப்பைக் கழற்றிவிட்டு, அவளை இடுப்பில் வைத்தபடியே, யாரையும் கேட்காமல் உள்ளே நடந்து, முன்னறையின் நாலு சுவரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு சுவரில் அந்தப் பன்னிரண்டாவது ஓவியம் மாட்டியிருந்த ஆணி மட்டும் இருந்தது. ஆணியில் ஒரு நூல், நூல் நுனியில் நசுங்காத அந்த ஸ்பூன். நர்ஸ் அது ஆடி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மகளை இறக்கிவிட்டு வேலைக்குப் போனாள்.