ஃபிலிமின் குறையா, தோலின் குறையா

ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் எனக்குத் தரம் பிரிக்கும் வேலை. செலக்‌ஷன் என்பார்கள். மேசையில் தோலை விரித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஒன்று இரண்டு மூன்று என்று அடுக்க வேண்டும். குறை தெரிந்தால் முதல் கேள்வி ஒன்றுதான். ஆடு உயிரோடு இருந்தபோது வந்ததா, இங்கே பதனிடும் டிரம்மில் வந்ததா? முள் கிழித்தது, உண்ணி கடித்தது எல்லாம் ஆட்டோடு வந்தது. மருந்து சரியாக ஏறாமல் திட்டு விழுந்தால் அது நம் தப்பு. படித்தது எட்டாவது. இதைக் கண்ணால் பழகிக்கொண்டேன்.

படம் எடுப்பது ஞாயிற்றுக்கிழமை வேலை. கேமரா நானே செய்தது. பிளைவுட் பெட்டி, நடுவில் மடிப்பு மடிப்பாக நீளும் பகுதிக்குக் கறுப்பு லைனிங் தோல். லென்ஸ் பழைய ஜெராக்ஸ் மெஷினில் இருந்தது. வேலூர் லாங் பஜார் பக்கம் காயலான் கடையில் கிடைத்தது. பெரிய கேமராவுக்கென்று விற்கும் ஃபிலிம் நமக்குக் கட்டாது. எக்ஸ்ரே ஃபிலிம் கட்டும். ஒரு தாள் நோட்டுப் புத்தகம் அளவு. அதற்குச் சிவப்பு தெரியாது. அதனால் பட்டப்பகலில் குளியலறை ஜன்னலை அடைத்து, சிவப்பு பல்பு போட்டு, கண்ணால் பார்த்தபடியே கழுவலாம். இரண்டு பக்கமும் மருந்து பூசியிருக்கும். நகம் பட்டால் கீறல்தான்.

சிவப்பு தெரியாது என்றால் சிவப்பெல்லாம் படத்தில் கறுப்பாகிவிடும். முதலில் என் மனைவியை எடுத்தேன். குங்குமம் கரிப்பொட்டு ஆனது. உதடு கறுத்தது. முகமும் கறுத்தது.

"இன்னாய்யா இது? அடுப்புல வாட்டி எடுத்தியா?"

"ஃபிலிம் அப்படி."

"ஃபிலிம் அப்படியா, நீ அப்படியா? இனிமே என் மூஞ்சிகிட்ட வராத. வேணும்னா கைய எடுத்துக்கோ. அது ஒண்ணும் கேக்காது."

கையை எடுத்தேன். அவள் ஷூ கம்பெனியில் பசை தடவும் பகுதியில் இருக்கிறாள். பிரஷ் உண்டு. ஓரங்களுக்கு விரல்தான் வேகம். கையுறை போட்டால் பசையில் ஒட்டிக்கொள்ளும், எண்ணிக்கை குறையும். அந்தக் கையை வாசலில் நிழலில் ஸ்டூல் மேல் வைக்கச் சொன்னேன். லென்ஸ் மூடியை எடுத்தேன், நாலு எண்ணினேன், மூடினேன்.

கழுவிய ஃபிலிமை ஃபோனில் எடுத்து, நெகட்டிவைக் கறுப்பு வெள்ளை மாற்றிப் பார்த்தேன். கறுத்த கையில் வெளுத்த திட்டுகள். ஆள்காட்டி விரலில் இரண்டு, கட்டைவிரலில் ஒன்று.

தண்ணீர் என்று நினைத்தேன். எங்கள் போர்வெல் தண்ணீர் காய்ந்தால் வெள்ளையாகப் படியும். அடுத்த ஞாயிறு கேன் தண்ணீரில் கழுவினேன். திட்டு இருந்தது. அதற்கடுத்த வாரம் கழுவும் மருந்தைப் புதிதாகக் கரைத்தேன். அப்போதும் இருந்தது. அவள் கையைப் பிடித்து வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"இன்னா, கல்யாணம் ஆன புதுசுலகூட இப்படிப் புடிச்சதில்ல" என்றாள்.

கையை விட்டுவிட்டேன்.

வேலையில் சந்தேகம் வந்தால் தோலை மேசையில் தலை வால் மாற்றிப் போடுவோம். குறையும் கூடவே திரும்பினால் அது தோலில் இருக்கிறது. நாலாவது ஞாயிறு அவள் கையைத் திசை மாற்றி, விரல் நுனி எதிர்ப்பக்கம் வர வைக்கச் சொன்னேன். பக்கத்தில் என் கையையும் வைத்தேன். ஒரே தாள், ஒரே மருந்து, ஒரே தண்ணீர். என் கையில் திட்டு இல்லை. அவள் கையில் அதே விரல்களில் அதே இடத்தில் இருந்தது.

இரண்டு நாள் சொல்லவில்லை. முன்பு அவள் கம்பெனியில் ஒரு பெண்ணுக்கு உதட்டோரம் வெளுத்தது. சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பிறகு வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எனக்கு இதைச் சொன்னதே என் மனைவிதான்.

மூன்றாம் நாள் படத்தைக் காட்டினேன். திட்டு இல்லாத கையைத் தொட்டாள்.

"இது உன் கையா?"

"ஆமா."

"உன்னுதுல இல்ல."

"இல்ல."

படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "வெளிய சொல்லாத. சூப்பர்வைசர் காதுல வுழுந்தா வூட்டுக்கு அனுப்பிடுவான்."

"ஆஸ்பத்திரிக்குப் போலாம். பல்லு வலின்னு லீவு கேளு."

"பல்ல காட்டுன்னா?"

"காட்டு. சொத்தைதான் இருக்குதே."

வேலூருக்குப் போனோம். டாக்டரம்மா அறையை இருட்டாக்கி ஒரு நீல விளக்கைக் கையில் பிடித்தார். அதே மூன்று இடம் பளிச்சென்று தெரிந்தது. என் ஃபிலிமுக்கும் நீலம்தான் நன்றாகத் தெரியும்.

"வெறும் கண்ணுக்கே தெரியலையே. எப்படிம்மா வந்தீங்க?"

"எங்க வூட்டுக்காரரு கண்டுபுடிச்சாரு. தோலு பாக்கிறவரு."

"அவரும் டாக்டரா?"

"இல்லீங்க. ஆட்டுத் தோலு."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிறகு சொன்னார். வெண்புள்ளி. பசையால் வந்திருக்கலாம். யாருக்கும் ஒட்டாது. இனி பசையில் கை படக் கூடாது. களிம்பு தடவினால் நிறம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். வேறு பகுதிக்கு மாற்றச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டு மூன்று நாள் அவள் சாப்பாட்டுப் பையில் கிடந்தது. மூன்று நாளும் பசையில்தான் கை வைத்தாள்.

"குடுத்தியா?" என்று கேட்டேன்.

"குடுத்தா நாளைக்கு வேல இருக்குமா? நீ சொல்லு."

"பசைய விடு. வேல போனா போவட்டும்" என்றேன்.

மறுநாள் கொடுத்தாள். சூப்பர்வைசர் சீட்டையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்தாராம். "ஒண்ணும் காணோமே" என்றாராம். இவள் ஃபோனில் படத்தைக் காட்டினாள். இரண்டு நாள் காத்திருக்க வைத்துப் பேக்கிங் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே நாள் முழுவதும் நிற்க வேண்டும். கால் வீங்குகிறது. பசையில் அவள்தான் வேகம். அந்தப் பெயர் போயிற்று. மூன்று மாதமாகத் திட்டு பெரிதாகவில்லை. சின்னதாகவும் ஆகவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அவளே கையை நீட்டி எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். ஒருத்தி டப்பாவை எடுத்துக்கொண்டு நகர்ந்தாளாம். பசைப் பகுதியிலிருந்து இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"அண்ணா, கைய மட்டும் எடுங்க. மூஞ்சி வேணாம். அக்கா சொல்லிச்சு."

எடுத்தேன். இருவரும் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றார்கள். ஒருத்தி கையில் ஒன்றும் இல்லை. இன்னொருத்திக்கு மூன்று விரலில் இருந்தது. அதை நான் சொல்லவில்லை. என் மனைவி அவளை உள்ளே அழைத்துப்போய்ச் சொன்னாள்.