ஏறாத பயணிகளைத் தேடிப் போனவர்

கற்பகம் இறந்துவிட்டார் என்ற செய்தியை, மலையூரான நாகலூரில் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் முருகேசன்தான் தொலைபேசியில் சொன்னார். நான் சேலத்தில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். "ஏனுங்க சார், எங்க இருக்கறீங்க? கொஞ்சம் ஒக்காந்துக்கங்க" என்றார். சந்தையில் உட்கார இடமில்லை. நின்றபடியே கேட்டுக்கொண்டேன். தூக்கத்திலேயே போயிருந்தார்.

அவரிடம் படித்த உங்களுக்கு அவர் பேராசிரியர். எனக்கோ, கல்லூரியின் பொருளாதாரத் துறையில் அடுத்த மேசையில் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் என் கருத்துகளுக்கு மறுப்புச் சொன்னவர். எஸ்டேட் தொழிலாளர்களின் மகள். ஓய்வு பெற்றதும் பிறந்த ஊருக்கே திரும்பித் தனியாக வாழ்ந்தார். மனைவி போனபின் நானும் தனியன். ரேஷன், இலவசப் பயணம், ஊரக வேலைத் திட்டம் என்று நாளிதழில் எந்த விவாதம் வந்தாலும் எங்கள் சண்டை தொலைபேசியில் தொடங்கிவிடும்.

ஒரு சண்டையை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். அதில் தவறு என்னுடையது.

அதே மலையில் மாரமங்கலத்துக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூருக்குப் போகும் பேருந்தைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று பேச்சு எழுந்தது. போக்குவரத்து அலுவலகத்தார் எங்கள் இருவரிடமும் கருத்துக் கேட்டார்கள். ஒரு வாரம் அதில் போய்வந்து, ஏறியவர்களை எண்ணினேன். பெரும்பாலும் காலி இருக்கைகள். பெண்களுக்குக் கட்டணமே இல்லாதபோதும் கூட்டமில்லை என்றால் தேவை இல்லை என்றுதானே பொருள்?

"நீங்க ஏறுனவங்களத்தானுங்க சார் எண்ணுனீங்க? ஏறாதவங்க ஏன் ஏறலைன்னு கேட்டீங்களா?" என்றார் கற்பகம்.

"பஸ்ஸில் இல்லாதவர்களை எங்கே போய்த் தேடுவது மேடம்?"

"ஊட்டுலதான் இருப்பாங்க. போலாம் வாங்க."

முழங்கால் வலி என்று சொல்லித் தவிர்த்தேன். அறிக்கையை அனுப்பிவிட்டேன். அவருடைய மாற்றுக் கருத்து போய்ச் சேரும் முன்பே பேருந்து நின்றது.

இரண்டு மாதம் அவர் என்னிடம் பேசவில்லை. பிறகு ஒருநாள் அழைத்து, "நாளைக்கு வர்றீங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். மாரமங்கலத்திலிருந்து அந்தச் சிற்றூருக்கு இருவரும் நடந்தே போனோம். காபிப் பழம் பறிக்கும் சின்னப்பொண்ணு என்பவர் எங்களை வாசலில் உட்கார வைத்தார்.

"நாங்க வேலைக்குப் போனப்புறம் வந்துட்டிருந்த பஸ்ல எப்புடீங்க ஏறறது? ஆனா மாசமா இருக்கற எம்மருமக அதுலதானுங்க ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருந்தா. இப்பப் போறதே இல்லீங்க. நொம்ப பயமா இருக்குதுங்க." பிறகு என்னைப் பார்த்து, "சார் யாருங்க?" என்றார்.

கற்பகம் என் பக்கம் திரும்பினார்.

"பஸ் வேண்டாம்னு எழுதினது நான்தாம்மா" என்றேன்.

சின்னப்பொண்ணு உள்ளே போனார். திட்டுவதற்கு ஆள் கூட்டிவரப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தார்.

திரும்பும் வழியில் கற்பகம் சொன்னார்: "உங்க எண்ணிக்கை சரிதானுங்க சார். கேள்வியத்தான் சின்னதாக் கேட்டுட்டீங்க."

அன்றே, என் முடிவு தவறு என்று கடிதம் எழுதினேன். அவரும் கையெழுத்திட்டார். அந்த மருமகளை அதன்பின் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது கற்பகம் பிடித்துக்கொடுத்த ஜீப். அலுவலகத்துக்குப் பலமுறை அலைந்த பிறகு பேருந்து திரும்ப வந்தது, வேலை நேரத்துக்கு ஏற்றபடி. முதல் நாள் அவர் அழைத்தார். "சின்னப்பொண்ணு மருமக கைக்கொழந்தையோட ஜன்னலோரமா ஒக்காந்து போறா சார்." எத்தனை பேர் ஏறினார்கள் என்று கேட்டேன். "எண்ணலீங்க. பாத்துட்டு இருந்தேன்."

இறுதிச் சடங்குக்கு எஸ்டேட் பெண்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் வேலியோரம் நின்றேன். அவர்களில் பலருக்கு என்னைத் தெரியாது.

கற்பகம் இறப்பதற்கு முந்தின வாரம் என் கட்டுரை ஒன்றைத் திருப்பி அனுப்பியிருந்தார். ரேஷனில் அரிசியோடு சிறுதானியமும் கொடுக்க வேண்டும் என்று வாதிடும் கட்டுரை. மூன்றாம் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: 'இதை இடித்துப் புடைப்பது யார்?' சடங்கு முடிந்தபின் வெள்ளக்கடை என்ற மலையூருக்குப் போய் நான்கைந்து வீடுகளில் கேட்டுவந்தேன். பதில் கிடைத்துவிட்டது: வேலை முடிந்து வரும் பெண்கள்தான். சொல்வதற்குக் கைபேசியை எடுத்து, அவர் பெயர் வரை போய், வைத்துவிட்டேன். கட்டுரையைத் திருத்தி எழுதியாயிற்று. பழைய மூன்றாம் பக்கத்தை மட்டும் என்னோடு வைத்துக்கொண்டேன்.