உள்ளங்கை கவிழ்ந்த ஞாயிற்றுக்கிழமை

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஒரு பூவரச மரத்துக்கு முத்தம் கொடுக்க இருந்தேன். சிரிக்காதீர்கள், விஷயம் சீரியஸ்!

மழை விட்டு, தை பிறந்து, மைதானத்து மண் காய்ந்துவிட்டால் எங்கள் புதுச்சேரியில் பெத்தாங்க் சீசன் ஆரம்பம். வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. நெல்லிக்காய் சைஸில் ஒரு மரக்குண்டு. பெயர் கொஷொனே. அதை முதலில் வீசிவிட்டு, ஆளுக்கு மூன்று இரும்புக் குண்டுகளை அதன் பக்கத்தில் போய் நிற்கிற மாதிரி போட வேண்டும். யார் குண்டு கிட்டத்தில் கிடக்கிறதோ அவர்களுக்குப் பாயிண்ட். பதிமூன்று எடுத்தால் ஜெயம். அவ்வளவுதான். இந்த 'அவ்வளவுதான்' எத்தனை பேருடைய ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பை ஆறிப்போக வைத்திருக்கிறது தெரியுமா?

நான் இத்தனை வருஷமாக உள்ளங்கையை மேலே காட்டி, யாசகம் கேட்கிற பாவனையில் குண்டை உருட்டி விடுகிற ஆசாமி. சுமாராகப் போகும்... சுமாராக நிற்கும். போன சீசன் முடிகிற சமயம், பிரான்சிலிருந்து லீவில் வந்திருந்த ஒருவர் ஆடியதைப் பார்த்தேன். உள்ளங்கை தரையைப் பார்க்கிறது. விரல் விடுபடும்போது குண்டு பின்பக்கமாகச் சுழல்கிறது. உயரே போய் 'தொப்'பென்று விழுந்து, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறது. எனக்கு அன்றைக்குத் தூக்கம் போயிற்று.

மழைக்காலம் முழுக்க அதே தியானம். குளிக்கிற சொம்பைக் கவிழ்த்துப் பிடித்தேன். ஆபீசில் பேப்பர் வெயிட்டைக் கவிழ்த்துப் பிடித்தேன். "என்னாங்க, கை சுளுக்கிக்கிச்சா?" என்று மனைவி தைலம் எடுத்து வந்தாள். மொட்டைமாடியில் உரிக்காத தேங்காயை வைத்துப் பயிற்சி செய்தபோது கீழ்வீட்டுக்காரர் குடும்பத்தோடு தெருவுக்கு ஓடிவிட்டார்.

என் ஜோடி மிக்கேல் அண்ணனுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் ஊர் வழக்கில், சொல்தா. நடக்கும்போதுகூட லெஃப்ட் ரைட்தான். சனிக்கிழமையே எச்சரித்துவிட்டார்.

"இந்தா பாரு தம்பி, புதுசா என்னா வேணா பழகிக்கோ. நாளைக்கு ஆட்டம் கவுந்துச்சுன்னா, மாசிக்கு நான் வேற ஆளைச் சேத்துக்குவேன்."

மாசியில்தான் எங்கள் பெரிய போட்டி. அதில் அண்ணனுக்கு ஜோடியாக நிற்பது எனக்கு உத்தியோக உயர்வைவிடப் பெரிது. பழைய கையிலேயே ஆடித் தொலைக்கலாம்தான். ஆனால் ஆசை யாரை விட்டது?

எதிரே லாஸ்பேட்டை ஜோடி. டிரில் மாஸ்டர் பழனியும் அவர் தம்பியும். என் முதல் குண்டு உயரே போனது. உயரேதான் போனது! இறங்கிய இடம், வேடிக்கை பார்த்தவரின் சைக்கிள் கேரியர். அடுத்தது என் காலடியிலேயே விழுந்து தூங்கிவிட்டது. அண்ணன் போடுகிற நல்ல குண்டுகளையும் நானே இடித்துத் தள்ளினேன். மூன்று, ஏழு, ஒன்பது என்று அவர்கள் ஏறி, பன்னிரண்டுக்குப் பூஜ்யம்!

ஒரு கையை மாற்ற நினைத்தால் முதலில் பழைய கை போய்விடுகிறது. புதுக் கை வந்து சேர நாளாகிறது. நடுவில் நாம் கையே இல்லாத ஆள். டைப்ரைட்டிங்கில் பத்து விரல் பழகியவர்களைக் கேளுங்கள், கண்ணீரோடு சொல்வார்கள்.

இப்போது மரத்துக்கு வருகிறேன். பூஜ்யத்தில் தோற்பவர் ஒரு அம்மணியின் படத்துக்கு முத்தம் கொடுக்க வேண்டும் என்பது பிரெஞ்சுக்காரர்கள் வழக்கம். படத்தில் அம்மணி நமக்கு முதுகு காட்டி நிற்பார். முத்தம் எங்கே என்று எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். மாதா கோயில் பூசைக்குப் போகிற குடும்பங்கள் நடக்கும் வழியில் அதை மாட்டவா முடியும்? எங்கள் பெரியவர்கள் கூடிப் பேசி, அம்மணிக்குப் பதிலாகப் பூவரச மரத்தை நியமித்துவிட்டார்கள். மரம் நிறையச் செவ்வெறும்பு.

அடுத்த சுற்று. கொஷொனேவுக்கு ஒரு ஜாண் தள்ளி பழனியின் குண்டு. எல்லாரும் போட்டு முடித்தாயிற்று. மிச்சம் இருந்தது என் கையில் ஒன்று மட்டும். அதுவும் தவறினால் பதிமூன்றுக்குப் பூஜ்யம்.

அண்ணன் கிட்டே வந்தார்.

"தம்பி, இந்த ஒரு குண்ட மட்டும் பழைய கையில போட்ருப்பா. நான் இதுவரைக்கும் மரத்துகிட்ட போனதில்ல."

பட்டாளத்துக்காரர் கெஞ்சுகிறார்! சரி என்றுதான் தலையாட்டினேன். மண்ணில் கீறிய வட்டத்துக்குள் நின்று உள்ளங்கையை மேலே திருப்பினேன். என்ன கொடுமை... பழைய கை மறந்துவிட்டது! குண்டு ஏதோ அடுத்த வீட்டுப் பிள்ளை மாதிரி கையில் ஒட்டாமல் உட்கார்ந்திருந்தது. வேறு வழி? கவிழ்த்தேன். வீசினேன்.

போனது. உயரே... இன்னும் உயரே. 'தொப்!' விழுந்தது. நகரவில்லை. ஒரு அங்குலம் நகரவில்லை ஐயா! கொஷொனேவுக்கு இந்தப் பக்கம் என் குண்டு, அந்தப் பக்கம் பழனியின் குண்டு. எது கிட்டே?

"எங்களுதுதான்!" என்றார் பழனி.

"அளந்துட்டுப் பேசு!" அண்ணன் சட்டைப் பையிலிருந்து துடைப்ப ஈர்க்கை உருவிக்கொண்டு மண்ணில் குப்புறப் படுத்தார். பழனியும் படுத்தார். வேடிக்கை பார்த்தவர்களும் சுற்றிக் குனிந்தார்கள். எனக்குப் பார்க்கத் தைரியமில்லை. எறும்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நம்மளுது!"

அண்ணன் எழுந்து வந்து என்னை அப்படியே தூக்கிவிட்டார். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. பள்ளிக்கூடத்தில் பாஸான அன்றுகூட இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

அதற்கடுத்த சுற்றிலேயே தோற்றுவிட்டோம். பதிமூன்றுக்கு ஒன்று. ஆனால் கை குலுக்கல் எல்லாம் எங்களுக்குத்தான். "மாசிக்கு நீதான்டா" என்று அண்ணன் முதுகில் வைத்த அறை இன்னும் வலிக்கிறது.

கிளம்பும்போது பழனி என்னை ஓரங்கட்டினார். "சார்... அந்தக் கையக் கொஞ்சம் காட்டுங்களேன். எப்புடி வுட்டீங்க?"

காட்டினேன். மணிக்கட்டைப் பிடித்து, விரலை மடக்கி, பொறுமையாகக் காட்டினேன். அவர் தம்பிக்கும் காட்டினேன். இருவரும் வெறுங்கையைக் கவிழ்த்துக் கவிழ்த்து வீசிப் பார்த்துக்கொண்டே ஸ்கூட்டர் ஏறினார்கள்.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்பா, எதிராளிக்குப் போயா கத்துக்குடுப்ப? மாசியில இவங்க கூடத்தான ஆடணும்?"

"அதனாலதாண்ணே. அவங்க கை திரும்பி வர்றதுக்குள்ள மாசி முடிஞ்சிடும்."