அம்மா தீட்டிய சவரக்கத்தி

நனைந்த கல்லில் சவரக்கத்தி போய்வரும் சத்தம், காய்ந்த இலையொன்றை யாரோ மெதுவாக இழுத்துக்கொண்டு போவதுபோல இருக்கும். கொழும்பு ஜிந்துப்பிட்டியில் எங்கள் முடுக்கில் அந்தச் சத்தம் எங்கள் வீட்டில் மட்டும்தான் கேட்டது. தீட்டுவது அம்மா. மலைநாட்டுத் தோட்டமொன்றில் சவரத் தொழில் செய்தவரின் மகள் அவள். கல்யாணமாகிக் கொழும்புக்கு வந்தபோது தகப்பனிடம் கேட்டு வாங்கிவந்தது ஒரு கத்தி, ஒரு கல், ஒரு தோல்வார். "எல்லாருக்கும் அப்பன்மாரு சங்கிலி போட்டு அனுப்புவாங்க, உனக்குக் கத்தியக் குடுத்து அனுப்பிட்டாரு" என்று அடுத்த வீட்டு ராணி அக்கா குழாயடியில் சொல்லாத வாரமில்லை. அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

அது யுத்த காலம். அப்பாவின் "ஐ.சி."யில், அதாவது அடையாள அட்டையில், மழித்த கன்னமும் நூல் மீசையுமாக ஒரு முகம் இருந்தது, துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்த் திரும்ப அந்த முகம் அவருக்குத் தினமும் வேண்டியிருந்தது. படத்தில் இல்லாத தாடிக்காக அடுத்த முடுக்கு அண்ணன் ஒருவரை நாலு நாள் பொலிஸில் வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு வருஷத்தில்தான் எனக்கு வெள்ளவத்தைப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து ஆறாம் ஆண்டுக்கு "இன்டர்வியூ" கடிதம் வந்தது. எங்கள் குடும்பத்தில் அதுவரை ஒருவரும் ஆறாம் ஆண்டைக் கண்டதில்லை. தகப்பன் அட்டையோடு நேரில் வர வேண்டும், வராவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்கு என்று கடிதத்தில் இருந்ததை நானேதான் வீட்டில் வாசித்துக் காட்டினேன்.

அந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு அம்மாள் போட்டது. அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை வீட்டில் சீப்போ கத்தியோ எடுக்கக்கூடாது. மூன்றாம் தண்ணீர் ஊற்றியது இன்டர்வியூவுக்கு முதல்நாள் காலையில். அப்பாவின் முகத்தில் மூன்று வாரத் தாடி, அதற்குள் காய்ந்தும் காயாத பொருக்குகள். சந்திச் சலூன்காரர் வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டு, மற்ற ஆட்கள் பயப்படுவார்கள் என்று அனுப்பிவிட்டார். கடை பிளேட்டால் இழுத்தால் பொருக்கெல்லாம் பிய்ந்து இரத்தம் வரும். இரத்தம் வழியும் முகத்தோடு, ஆமிக்காரர் அட்டை பார்க்கும் பத்து செக்பொயின்ட் தாண்டுவது தாடியோடு போவதைவிட மோசம்.

அம்மா கத்தியை எடுத்து, பெருவிரல் நகத்தை நனைத்து, அதன்மேல் கத்தியின் வெட்டும் வாயை மெல்ல இழுத்துப் பார்த்தாள். ஓரிடத்தில் தட்டியது. இன்னொருதரம் இழுத்தாள், அதே இடத்தில் தட்டியது. கத்தி வாயில் சின்னதாகப் பொளிந்து பல் விழுந்திருந்தது.

"இதால என்னா சீவின?"

"பென்சில்."

பென்சில் சீவும் கட்டர் முனையை முறித்துவிடும் என்பதால் அந்த மூன்று வாரமும் யாருக்கும் தெரியாமல் கத்தியால்தான் சீவினேன். வகுப்பில் என் முனையைப் பார்க்க மற்றப் பிள்ளைகள் கூடுவார்கள். அடி விழும் என்று நின்றேன். அம்மா கத்தியை வெளிச்சத்தில் பிடித்தபடி, "முனையாச்சும் நல்லா வந்துச்சா?" என்றாள். பாயில் சாய்ந்திருந்த அப்பாதான் சிரித்தார். "என் மொகத்துக்கு முந்தி அவன் பென்சிலுக்குச் சவரம் ஆயிருச்சு, புள்ள."

அம்மா சிரிக்கவில்லை. கத்தியின் முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் படும்படி படுக்க வைத்து, வாய் முன்னே போகத் தள்ளினாள். புரட்டி, அடுத்த பக்கம். ஒரு பக்கம் எத்தனையோ மறுபக்கமும் அத்தனை. அமர்த்தக்கூடாது, கத்தியின் பாரமே போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பல் மறைய வேண்டுமானால் வாய் முழுவதும் அந்த ஆழத்துக்குத் தேய வேண்டும். மத்தியானச் சோறு ஆக்கவில்லை, கடையில் ரொட்டிப் பாண் வாங்கிச் சாப்பிட்டோம். கல்லில் சாம்பல் நிறச் சேறு ஊறியது, கழுவினாள், மறுபடி ஊறியது. பின்னேரம் நாலு மணியளவில் நகத்தில் கத்தி தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு ஜன்னல் கம்பியில் தோல்வாரைக் கட்டி, இப்போது கத்தியின் முதுகு முன்னே போக இழுத்தாள். வாய் முன்னே போனால் தோலே அறுந்துவிடும். கடைசியில் தன் தலைமயிர் ஒன்றைத் தொங்கவிட்டுத் தொட்டாள். பாதி மயிர் சத்தமில்லாமல் கீழே விழுந்தது.

அப்பாவை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தாள். ஒரு பெண், முடுக்கே பார்க்க, ஆணுக்குச் சவரம் செய்தாள். ராணி அக்கா குழாயடியிலிருந்து வந்து நின்றவர், கத்தி ஒவ்வொரு பொருக்கையும் சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்தபடி குடத்தைக் கீழே இறக்கி வைத்தார். கழுவித் துடைத்தபோது ஒரு சொட்டு இரத்தம் இல்லை. ஐ.சி.யில் இருந்த முகம், கொஞ்சம் புள்ளிகளோடு, திரும்பி வந்திருந்தது. ராணி அக்கா மெதுவாக, "எங்க வீட்டுக்காரருக்கும் நாளைக்குக் கொஞ்சம்..." என்றார். அம்மா, "வரச் சொல்லுங்க, அக்கா" என்றாள்.

மறுநாள் மண்மூட்டை அடுக்கிய செக்பொயின்ட் ஒன்றில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். ஆமிக்காரர் அட்டையையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மைப் பொருக்கைக் காட்டி, இந்த முகத்தை எந்தச் சலூன்காரன் தொட்டான் என்று சிங்களத்தில் கேட்டார்.

"அபே நோனா" என்றார் அப்பா. எங்கள் வீட்டுக்காரி.

ஆமிக்காரர் பக்கத்தில் நின்ற இன்னொரு ஆமிக்காரரைக் கூப்பிட்டு அதைச் சொன்னார். தன் தாடையை ஒருதரம் தடவிக்கொண்டு, அட்டையைத் திருப்பித் தந்தார். அன்று பத்து மணிக்கு எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. அப்பா ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைப் போட்டுக் கையெழுத்து வைத்தார்.

அந்த மண்மூட்டைகள் இப்போது இல்லை. அங்கே இறக்கி வரிசையில் நிறுத்துபவர்களும் இல்லை. நான் தாடி வைத்திருக்கிறேன். பதினாறு வயதில் எடுத்த என் ஐ.சி. படத்தில் அது இல்லை. அம்மாவுக்கு இந்தத் தாடியைக் கண்ணில் காட்டக்கூடாது. கத்தி தயாராக இருக்கிறது என்று ஞாயிறு தவறாமல் சொல்லிப் பார்க்கிறாள். அடுத்த வாரம் அம்மா என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை காலையில் அதே தாடியோடு வேலைக்குப் பஸ் ஏறி, வெள்ளவத்தைவரை ஜன்னலோரத்தில் தூங்கிக்கொண்டே போகிறேன்.