ரத்னா அக்கா படித்த தலைப்புச் செய்தி

மந்தைவெளியில் நான் தங்கியிருக்கும் மாடி அறைக்குக் கீழே, காலை பத்து மணிக்கு மீன் கூடையோடு வந்து நிற்பார் ரத்னா அக்கா. பட்டினப்பாக்கத்துக்காரர். அங்கே ரோட்டோரம் பதினெட்டு வருஷம் உட்கார்ந்து விற்றவர். இடம் பறிபோன பிறகுதான் இந்த அலைச்சல்.

காரணம் மகேஷ். அங்கே டீக்கடையில் தினமும் இங்கிலீஷ் பேப்பரைப் படித்து எல்லாருக்கும் தமிழில் சொல்வான். அதற்கு ஓசி டீ. போன வருஷம் மீனவர்களுக்குப் புது மார்க்கெட்டில் கடை ஒதுக்கும் செய்தி வந்தபோது, அதை மட்டும் விழுங்கிவிட்டான். விண்ணப்பத்தில் கடை இல்லாத மீன் வியாபாரிகள் ஐந்து பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். தாளின் மேல்பாதியை மடித்து வைத்து, தெருவிளக்குக்கு மனு என்று சொல்லி வாங்கினான். அவன் மச்சான் பெயரில் போட்ட அந்த விண்ணப்பத்துக்குக் கடை கிடைத்தது. விண்ணப்பிக்காதவர்களை ரோட்டோரத்திலிருந்து கிளப்பிவிட்டார்கள். அந்தத் தாளில் முதல் கையெழுத்து அக்காவுடையது.

“என் கையாலயே போட்டுக் குட்த்தேன் தம்பி. நெனச்சாலே வயிறு எரியுது. எனக்கு அந்தப் பேப்பரு படிக்கக் கத்துக் குடு. தலைப்பு போதும்.”

அக்கா எட்டாவது வரை படித்தவர். நான் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. வங்கித் தேர்வுக்காக மூன்று வருஷமாக இங்கிலீஷ் பேப்பரோடு மல்லுக்கட்டுகிறவன். பள்ளிக்கூட இலக்கணம் தலைப்புகளில் செல்லாது என்பது எனக்கே லேட்டாகத்தான் புரிந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். ‘மினிஸ்டர் ஓப்பன்ஸ் பிரிட்ஜ்’ என்று இன்று நடப்பது போல எழுதியிருந்தால், பாலம் நேற்றே திறந்தாயிற்று. ‘மினிஸ்டர் டு ஓப்பன் பிரிட்ஜ்’ என்றால் இனிமேல்தான். ‘இஸ்’, ‘வாஸ்’ எல்லாம் இடத்தை அடைக்கும் என்று தூக்கிவிடுவார்கள். ‘த்ரீ அரெஸ்டட்’ என்றால் அந்த மூன்று பேர் பிடித்தவர்கள் இல்லை, பிடிபட்டவர்கள்.

“மகேஷ் அரெஸ்டட்னு என்னிக்கு வரும்?” என்றார் அக்கா, சிரிக்காமல்.

பாடம் தொடங்கிய எட்டாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது: ‘சிட்டி டு அலாட் மோர் ஃபிஷ் ஸ்டால்ஸ்’. அக்காவின் விரல் ‘டு’வில் நின்றது.

“இன்னும் குடுக்கல. குடுக்கப் போறாங்கோ.”

அன்று மகேஷ் டீக்கடையில் வடநாட்டு வெள்ளத்தைப் பற்றி மட்டும் படித்தான். அக்கா அதற்குள் போனில் சொல்லிவிட்டிருந்ததால், மற்ற மீன்காரப் பெண்கள் ஒன்றும் தெரியாதது போல் உச்சுக்கொட்டிக் கேட்டார்கள். அந்த வாரமே பதினோரு பேர் ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போட்டு விண்ணப்பித்தார்கள். படிவங்களை நிரப்பியவன் நான். மகேஷ் காதுக்கு ஒரு வார்த்தை போகவில்லை.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் மாலை மூன்றரைக்கு, பட்டினப்பாக்கத்தில் அக்கா வீட்டு வாசலில் நானும் இருந்தபோது, அவன் தாளோடு வந்தான். இந்த முறை விண்ணப்பம் பெண்டாட்டி பெயரில்.

“குடிதண்ணி மனு, அக்கா. ஒரு கையெழுத்து.”

“கை முச்சூடும் செதிலு. கழுவிக்கினு வரேன், குந்து நைனா.”

கழுவ இருபது நிமிஷம். மூக்குக் கண்ணாடி தேட ஒரு மணி நேரத்துக்கு மேல். பக்கத்து வீட்டில் இருக்கும் கருவாடு வியாபாரி அமீனா பீ, “ரத்னா போடட்டும், நான் அப்பால போடறேன்” என்றார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். விண்ணப்பம் வாங்கும் அலுவலகம் ஐந்துக்கு மூடிவிடும். ஐந்தே கால் ஆனதும் அக்கா தாளை வாங்கி, மடிப்பைப் பிரித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

“தெரிஞ்சிக்கினேதான் இழுத்தியா?” மகேஷ் தாளைக் கசக்கினான். “என் பொண்டாட்டி பொழப்பு, அக்கா இது.”

“கூடை ஒண்ணு வாங்கிக் குடு. மந்தைவெளிப் பக்கம் நல்லா விக்கும்.”

பாவம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அடுத்த மாதம் அக்காவுக்குக் கடை வந்தது, எண் இருபத்து மூன்று. மகேஷ் வீட்டிலிருந்து யாராவது மீன் வாங்க வந்தால் மட்டும் கிலோவுக்கு ஐம்பது ரூபாய் கூட்டிச் சொல்கிறார்.