வாய்க்கால் தண்ணீரில் கெண்டைக் குஞ்சுகள்

சிமெண்டுத் தொட்டிக்குள் நின்று பொன்னுத்தாயி செத்த மீன்முட்டைகளைப் பழைய வேட்டித் துணியால் அரித்து வெளியே கொட்டிக்கொண்டிருந்தாள். பூஞ்சை பிடித்த முட்டைகள் சளிபோல விரலிடுக்கில் வழிந்தன. முகத்தைத் திருப்பிக்கொண்டு துப்பினாள்.

புருஷன் செத்தபிறகு மானகிரியில் கெண்டைக் குஞ்சு வளர்த்து விற்றுத்தான் பிழைத்தாள். புதுவயலிலிருந்துகூடக் கண்மாய்க் குத்தகைக்காரர்கள் தேடி வருவார்கள். எழுபத்துமூன்றாம் வருசம் அவளுடைய அண்ணன் வீரையா வாய்க்கால் ஓரத்தில் நிக்கல் முலாம் பட்டறை போட்டார். சைக்கிள் ஹேண்டில்பார்கள் பளபளவென்று லாரி ஏறின. முலாம் கழுவிய பச்சைத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கியது. அவள் தொட்டிக்கும் அதே வாய்க்கால்தான்.

அப்போதிருந்து பாதி முட்டை பொரியவே இல்லை. பொரிந்து வந்த குஞ்சுகளுக்கோ வால் மடங்கியிருந்தது, வயிறு நீர்கோத்து ஊதியிருந்தது, சிலதுக்கு ஒரு கண்ணே இல்லை. நீந்தத் தெரியாமல் அடியில் கிடந்து சுழன்றன. ஊரில் கண்ணேறு என்றார்கள். அவள் கொஞ்சம் முட்டையைக் கிணற்றுத் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள். குஞ்சுகள் நேராக நீந்தின. ஆனால் அந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்க மட்டும்தான் காணும்.

அன்றைக்குக் கோணல் குஞ்சுகளை ஒரு சட்டியில் அள்ளி அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். வீரையா தொண்டியிலிருந்து வந்த கடல்மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சட்டியை இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்னத்தா இது, சாப்புடுற நேரத்துல?"

"உங்க பட்டறைத் தண்ணி பெத்த பிள்ளைக. பாருங்கண்ணே."

"கழுவுன தண்ணிதான. மீனுக்கெல்லாம் ஜாதகம் பாத்துக்கிட்டு தொழில் பண்ண முடியுமா?" சிரித்துக்கொண்டே முள்ளை உறிஞ்சினார்.

"பட்டறைக்குப் பின்னால கிடக்குற இடத்துல ஒரு தொட்டி கட்டி அந்தத் தண்ணிய அதுல விடுங்க. இந்த வருசமும் குஞ்சு போச்சுன்னா என் அடுப்பு எரியாது."

"அங்க ரெண்டாவது ஷெட்டு வருது."

அப்போது வேலையாள் சோணை கொல்லைப்புறமாக எட்டிப் பார்த்து, பரிமாறிக்கொண்டிருந்த மதினி நாகவல்லியிடம், "எருமைய தண்ணிக்குக் கோவிலூர்ப் பக்கம் ஓட்டிட்டுப் போறேன்" என்றான்.

"ஏன் சோணை, இங்குட்டு வாய்க்கால் இருக்கே?" என்றாள் பொன்னுத்தாயி.

"அதுல வாய் வைக்க விடாதன்னு அய்யாதான் போன தையிலயே சொல்லிட்டாக."

மதினி கரண்டியைப் பார்த்தபடி நின்றாள். வீரையா சோற்றைப் பிசைந்தார். மசாலா வழிந்த அந்த விரல்களையே பொன்னுத்தாயி பார்த்தாள்.

"அப்ப, தெரிஞ்சேதான் விட்டீகளா?"

அவர் இன்னொரு உருண்டை உருட்டி வாயில் போட்டார். சட்டியை எடுக்காமலே பொன்னுத்தாயி அறையை விட்டு வெளியேறினாள்.